வராதவரைத் தேடிப் போகும் வகுப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, துறைத் தோழர்களே, அழுது சிவந்த கண்களோடு முன்வரிசையில் இருக்கும் முதலாண்டுப் பிள்ளைகளே, வணக்கம். ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். எனக்கு அதுவரை நிற்கவே பொறுமையில்லை.

பேராசிரியர் சுசீலாபாய்! ஆசிரியராக வேண்டும், சமூகசேவைக்குப் போக வேண்டும் என்று நம் கல்லூரிக்கு வரும் இருபத்தைந்து பேரை முதலாண்டு முழுவதும் ஒரே குழுவாகப் படிக்க வைத்தவர். அந்தக் குழுவுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் வராவிட்டால், அன்றைக்கே இரண்டு பேர் வீடு தேடிப் போக வேண்டும்.

"இது கல்லூரியா, தபால் ஆபீஸா?" என்று கூட்டத்தில் கேலி செய்தவள் யார்? இந்த ஜெயலக்ஷ்மிதான்! அவர் சிரித்துக்கொண்டே, மலையாளம் கலந்த தன் தமிழில் பதில் சொன்னார். "டீச்சரே, அன்னைக்கே போகணும், கேட்டோ. நாலு நாள் ஆயாச்சுன்னா, வரணும்னு நெனச்சாலும் பிள்ளைக்கு வெட்கமாயிடும்" என்றார்.

மாடம்மாள் இங்கே இருக்கிறாள். முதலாண்டில் மூன்றாவது வாரமே நின்றுவிட்டாள். தேடிப் போனவர்கள், கட்டடவேலை நடக்கும் இடத்தில் அக்காளின் கைக்குழந்தையோடு அவளைக் கண்டார்கள். சுசீலாபாய் என்ன செய்தார்? புத்திமதி சொன்னாரா? "குழந்தையையும் கொண்டு வா" என்றார்! குழந்தை வளர்ச்சிப் பாடத்தை அந்தக் குழந்தையை நடுவில் உட்காரவைத்தே நடத்தினார். மாடம்மாள் இன்று இறுதியாண்டு.

இனி நான் சொல்லப்போவதை முதல்வர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை சுசீலாபாய் வரவில்லை. தனியாக வாழ்ந்தவர். அவர் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தேன். லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு அந்தக் குழுவின் பொன்செல்வி ஓடிவந்தாள்.

"டீச்சர் வரல்லல்லோ. நானும் ரெம்யாவும் போய்ப் பார்த்துட்டு வரட்டா?"

"அந்தச் சட்டம் பிள்ளைகளுக்குத்தான். போய்ப் பரீட்சை எழுது" என்றேன்.

பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். நான்கு மணிக்குப் போனார்கள். சமையலறைத் தரையில் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு மணிநேரம்கூட உயிர் தங்கவில்லை. பதினோரு மணிக்கே போயிருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

வராதவரைத் தேடிப் போக இருபத்தைந்து பேருக்கும் சொல்லித் தந்தவர் அவர். அவருக்காக அதைச் செய்ய முன்வந்த பிள்ளையைத் தடுத்தவள் நான்! இந்த இரங்கல் உரையை என்னைப் பேசச் சொன்னீர்களே, என்ன நியாயம்?

இனி இந்தக் குழுவை யார் நடத்துவது, இல்லை கலைத்துவிடலாமா என்று நேற்று முதல்வர் கேட்டார். கலைக்கக் கூடாது. நான் நடத்துகிறேன். அவரைப் போல வராது. ஆனாலும் நடத்துகிறேன்.

இன்று காலை வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்தேன். இருபத்துநான்கு பேர். வராதவள் பொன்செல்வி. செவ்வாய்க்குப் பிறகு அவள் வரவே இல்லை; தேடிப் போகச் சொல்ல அவர் இல்லை. இந்த அரங்கிலும் அவளைக் காணோம். என் பேச்சைக் கேட்டதற்காகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு கழக்கூட்டத்து வாடகை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்கிறார்கள். நாலு நாளுக்கு மேலாகிவிட்டது, சுசீலாபாய்!

மலரஞ்சலியை நீங்கள் நடத்துங்கள். என்னை மன்னியுங்கள். தப்பு உன்னுடையது இல்லை என்று அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். இரண்டு பேர் போக வேண்டும் என்பது சட்டம்.

ரெம்யா, எழுந்திரு. போகலாம்.