துரைக்கு ஒரு சீட் கவர்

— வாசல் வரைக்கும் வந்துட்டு என்னங்க தயக்கம்? உள்ள வாங்க.

— இந்தக் கடை வேண்டாம்னு வீட்டுலயே சொன்னேன். அடுத்த தெருவுல இதைவிடப் பெரிய கடை இருக்கு.

— கார் சாமானுக்கு இந்தக் கடைதான்னு எல்லாரும் சொல்றாங்க. ஏம்மா, நாய் உக்கார பின் சீட்ல விரிப்பாங்களே, அந்தக் கவர் இருக்கா?

— இருக்கு மேடம். வாங்க சார், நிறைய மாடல் இருக்கு.

— உங்க முதலாளி இல்லையாம்மா?

— டீ குடிக்கப் போயிருக்கார் சார், வந்துடுவார். நான் இப்பதான் வேலைக்குச் சேந்தேன். ஆனா எது கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன் சார்.

— அப்ப அவர் வர்றதுக்குள்ள சட்டுபுட்டுனு காட்டு.

— அவர் வந்தா விலையைக் கொஞ்சம் குறைச்சுக் கேக்கலாம்ல? கால்ல சுடுதண்ணி கொட்டின மாதிரி எதுக்கு இப்படிப் பறக்குறீங்க?

— இதப் பாருங்க மேடம், நல்லாப் போற மாடல். தண்ணி பட்டா அப்படியே துடைச்சுடலாம்.

— வழுக்கும். பிரேக் போட்டா நாய் உருண்டு வந்து கீழ விழும்.

— அடேயப்பா! நாய் விழுந்தா உங்களுக்கென்னவாம்? திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது!

— பாசமாவது மண்ணாவது. விழுந்து எந்திரிச்சா சீட்டைப் பிராண்டும், அதான் சொல்றேன்.

— அப்ப இது பாருங்க சார். நாலு பக்கமும் மாட்டிட்டா ஊஞ்சல் மாதிரி நிக்கும், விழவே விழாது.

— தொட்டுப் பாரு, சரசரங்குது. அசைஞ்சா சத்தம், திரும்பினா சத்தம். எந்த நாய் இதுல தூங்கும்?

— துரைன்னு பேரு வச்சா நிஜமாவே துரையாயிடுமா? பட்டு மெத்தையா போடணும்? கொடுத்ததுல தூங்கட்டும்!

— அது துரையோ, தொரசாணியோ, எனக்கு வெறும் நாய்தான்.

— ஏங்க, நேராவே கேக்குறேன். கவர் போடாம என் கார்ல நாய் ஏறக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க. சரின்னு கவர் வாங்க வந்தா, எதை எடுத்தாலும் நொட்டை சொல்றதும் நீங்க. என் தங்கச்சி ஞாயித்துக்கிழமை வீட்டைக் காலி பண்றா. போற எடத்துல நாய் வச்சுக்க விட மாட்டாங்க. அதுக்குள்ள நாம கூட்டிட்டு வரலைன்னா துரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துடுவா.

— அந்தாளுக்கா? அவன் நாள் பூரா கட்டியே போட்டு வைப்பான்!

— உங்களுக்கெப்படித் தெரியும்? ஆபீஸுக்குப் பின் தெருவுலதான் அவ வீடு. ஒரு நாளாவது எட்டிப் பாத்திருக்கீங்களா?

— பாக்க எனக்கு எங்க நேரம்? சும்மா... ஒரு ஊகந்தான்.

— சார், உங்களுக்கு எப்படித்தான் வேணும்? சொல்லுங்க, தேடித் தர்றேன்.

— மேல பருத்தித் துணி, அடியில ரப்பர் வச்சு நகராம இருக்கணும். நடுவுல வலை ஜன்னல். ஓட்டுறவங்க முகம் தெரியலைன்னா ஊளையிடும்... ஊளையிடுமாம். பொதுவா நாய்ங்க.

— அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சாம் சார். போன வாரந்தான் முதலாளி யாருக்கோ கொடுத்தாராம். கடைசிப் பீஸ்.

— கேட்டியா? இல்லையாம். கெளம்பு.

— கெளம்புறதா? ஏம்மா, அந்தச் சரசரா கவரையே கொடு. வாங்க, கார்ல விரிச்சுப் பாப்போம். சரியா இருந்தா மடிச்சு டிக்கியில வச்சுக்கலாம்.

— டிக்கி திறக்காது!

— ஏன் திறக்காது?

— பூட்டு... பூட்டு மாட்டிக்கிச்சு. காலையிலேருந்தே.

— ஆக, கவரும் வாங்க விட மாட்டீங்க, டிக்கியும் திறக்க விட மாட்டீங்க. புரிஞ்சுபோச்சுங்க. உங்களுக்குத் துரை வேண்டாம். கல்யாணமான நாள்லேருந்து நாய் கேக்குறேன், இன்னிக்கும் அதே கதைதான். அவன் மூஞ்சிய ஒரு தரம் நல்லாப் பாத்திருந்தா உங்களுக்கு மனசு வந்திருக்கும். போனைக் கொடுங்க. அந்தாளுக்கே கொடுத்துடச் சொல்லிடுறேன்.

— ஏய், அவசரப்படாதே! போனை வை.

— அழுதுடுவேன் போல இருக்கு. விடுங்க கையை.

— மேடம், கொஞ்சம் இருங்க, இதோ எங்க முதலாளியே வந்துட்டார்.

— அடடே, சாரா! நீங்க வந்தது தெரிஞ்சிருந்தா டீயைப் பாதியில வச்சுட்டு ஓடி வந்திருப்பேனே! இவங்கதான் வீட்டம்மாவா? வணக்கம்மா. என்ன சார், முதல்ல எடுத்தது வழுக்குதுன்னு திருப்பிக் கொண்டு வந்தீங்க, அடுத்தது சரசரங்குதுன்னு கொண்டு வந்தீங்க. மூணாவதுலயாவது நம்ம துரை நிம்மதியாத் தூங்குறாரா, இல்ல இன்னமும் முன்னாடி தாவி வந்து உங்க மடியிலதான் உக்காருறாரா?