நாற்பதுக்கு நாற்பது

இந்த ஊரிலேயே மீசை வைத்த தாய்க்கோழி நான் ஒருவன்தான். பொரித்து ஒரு நாள் ஆன நாற்பது குஞ்சுகளைச் சந்தையிலிருந்து கொண்டுவந்து, பதினான்கு நாள் சூடு கொடுத்து, நாற்பதையும் உயிரோடு நிறுத்தினேன். கோழிப்பண்ணை வைத்திருப்பவர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள் ஐயா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். நூறு குஞ்சு இறக்கினால் ஐந்தாறு போகும் என்பது அவர்கள் கணக்கு. என் பெட்டியில் ஒன்று கூடப் போகவில்லை. உங்கள் தாளில் முதல் வரியாக இதைத்தான் எழுத வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருவதுதான்.

நான் சோப்புத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் கொதிகலன் பார்த்தவன். பாய்லர்காரர் என்றால் எங்கள் தெருவில் நாய்க்குக் கூடத் தெரியும். விரலை வைத்தால் அரை டிகிரி பிசகாமல் சூடு சொல்வேன். எதிர்வீட்டம்மா தனக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னார். குரலைக் கேட்டே நூற்றியொன்று என்றேன். அவர் வீட்டு வெப்பமானி நூற்றிரண்டு காட்டியது. வெப்பமானியை மாற்றச் சொன்னேன்.

அப்படிப்பட்டவனை ஒரு மாலையும் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை எழுந்தால், சூடு பார்ப்பதற்கு வீட்டில் ஒன்றுமில்லை. சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து சமையலறை என்று ஐந்து மாதம் நடந்தேன். உட்கார்ந்தால் உள்ளங்கை அரித்தது. அந்த நடைக்குச் சாலை போட்டிருந்தால் பக்கத்து நாட்டுக்கே போயிருக்கலாம்.

வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி போன பிறகு அண்ணன் என்னிடம் வந்துவிட்டார். கணக்கு வாத்தியாராக இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய், பின்னறைக் கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து, மூக்கில் குழாயோடு இருந்தார். கட்டிலடியில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவர் மேசையில் இருந்த மணியைக் கையருகே வைத்திருந்தார். ஏதாவது வேண்டுமென்றால் ஒரு தட்டு. உடம்புதான் படுத்திருந்தது, வாய் படுக்கவில்லை.

குஞ்சுகளோடு நான் உள்ளே நுழைந்ததும் மணி அடித்தது.

"என்னடா அது, டிவி வந்த அட்டைப்பெட்டிக்குள்ள கீச்சுகீச்சுன்னு?"

"குஞ்சு அண்ணே. நாப்பது."

"எதுக்கு? மொத்தமா புதைக்கவா?" மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "உன் ரோஜாச்செடி என்ன ஆச்சு? மீன்தொட்டி என்ன ஆச்சு?"

"அது வேற. இது சூட்டுக் கணக்கு. என் தொழில்."

"ரெண்டு வாரம் கழிச்சு எண்ணுவோம். பதினாலு மிஞ்சினா பாஸ் போட்டுடறேன்."

"நாப்பதும் இருக்கும்."

"நாப்பதுக்கு நாப்பதா? என் சர்வீஸ்ல எவனுக்கும் ஃபுல் மார்க் போட்டதில்லடா. உனக்கா போடப்போறேன்?"

"உங்களைப் போட வைக்கறேன்."

"போடா, பாய்லர்."

அவர் சொன்னது உண்மை. ஏழாம் வகுப்பில் நான் அவரிடம்தான் படித்தேன். ஆண்டுத் தேர்வில் எல்லாக் கணக்கும் சரி. தொண்ணூற்றொன்பது போட்டார். அடிக்கோடு வளைந்திருந்ததாம். ஐம்பது வருடம் ஆகப்போகிறது. நான் அதை நினைத்துக்கொண்டிருப்பவன் இல்லை. அந்த விடைத்தாள் என் அலமாரியில் இரண்டாவது தட்டில், இடது பக்கம், நீல உறைக்குள் இருக்கிறது. வேண்டுமானால் ஆளனுப்பி எடுத்துப் பாருங்கள், கோடு வளையவில்லை.

பெட்டி செய்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். பழைய அலமாரிப் பலகையில் நான்கடிக்கு மூன்றடி. நான்கு மூலையையும் அட்டை வளைத்து வட்டமாக்கினேன். மூலை இருந்தால், மிரண்ட குஞ்சுகள் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். தரையில் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி முடமாகும் என்பதால் இரண்டு விரல்கடை உயரத்துக்கு மரச்சீவல். தண்ணீர்த் தட்டில் விழுந்து முங்காமல் இருக்கக் கூழாங்கல். மேலே சங்கிலியில் இரண்டு நூறு வாட் பல்பு. பல்பு அறுந்து சீவலில் விழுந்தால் வீடே எரியும், ஆகவே சங்கிலி ஒன்றுக்கு இரண்டு, சுற்றிலும் கம்பிவலை. பாதுகாப்பு விஷயத்தில் என்னிடம் யாரும் குறை காண முடியாது.

முதல் வாரம் முப்பத்தைந்து டிகிரி. இரண்டாம் வாரம் முப்பத்திரண்டு. பல்பை ஏற்றி இறக்கினால் போதும். வெப்பமானியே வேண்டாம், குஞ்சுகளே சொல்லிவிடும். குளிர்ந்தால் பல்புக்கடியில் ஒண்டிக்கொண்டு கத்தும். சூடு மிஞ்சினால் ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளக்கும். சரியாக இருந்தால் பரவிப் படுத்து அடங்கிவிடும். கத்தினால் ஏதோ குறை, அடங்கினால் எல்லாம் சரி. இதைவிட எளிய விதி உலகத்தில் கிடையாது. இதை வைத்து ஒரு நாட்டையே நடத்தலாம்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். குளிக்கும்போது பாதியில் ஓடிவந்து பார்த்திருக்கிறேன். கடைக்குப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவேன். பசியே இல்லை. சோறு ஆறிப்போகும், பெட்டி ஆறாது.

நாலாம் நாள் ஒரு குஞ்சு தலை தொங்கிக் கிடந்தது. கறுப்புப் புள்ளிக்காரன். சட்டைக்குள் வைத்துச் சூடு காட்டினேன், அசையவில்லை. அண்ணன் மதியத் தூக்கத்தில் இருந்தார். அவர் மூக்கிலிருந்து குழாயை மெல்ல எடுத்துக் குஞ்சின் அலகில் பிடித்தேன். சும்மா ஒரு இரவல். எட்டு நிமிடத்தில் புள்ளிக்காரன் கண்ணைத் திறந்தான். அண்ணனுக்கு உதடு கொஞ்சம் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. குழாயை மாட்டியதும் சரியாகிவிட்டது. எழுந்து, "கெட்ட கனவுடா"  என்று தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அன்றைக்கு இரண்டு விஷயம் தெரிந்துகொண்டேன். புள்ளிக்காரன் கெட்டிக்காரன். அண்ணன் எட்டு நிமிடம் தாங்குவார்.

புகார் கொடுத்திருக்கிறாளே, அண்ணன் மகள், நர்ஸ் வேலை பார்க்கிறாள், அவள் வாரம் இரண்டு நாள் வருவாள். பத்தாம் நாள் வந்தபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று சொல்லி என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, கூடத்தில் இருந்த இன்வர்ட்டரைக் காட்டினாள்.

"சித்தப்பா, இன்வர்ட்டர்ல அப்பா மெஷின் மட்டும்தான். வேற எதையும் சொருகாதீங்க, ரெண்டையும் தாங்காது. கட்டில் பக்கத்துல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கேன்னு அசால்ட்டா இருக்காதீங்க. அதுல கால் மணி நேரத்துக்குத்தான் இருக்கு, மாத்தணும்."

"அப்ப என் குஞ்சு?"

"போர்வையைப் போத்துங்க, வெந்நீர்ப் பையைத் துணி சுத்தி உள்ள வைங்க. உங்க நாப்பது பிள்ளைகளும் பொழைச்சுக்கும்."

பின்னறையிலிருந்து குரல் வந்தது. "நாப்பதா? இன்னும் எண்ணலம்மா. அவன் கணக்கு அவன் சொல்றது."

பதினான்காம் நாள் காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாலை நாலு மணிக்கு அண்ணன் மகள் வந்து எண்ணுவதாகப் பேச்சு. பத்து மணிக்கு மழை பிடித்தது. காற்று ஜன்னல் கதவைப் பிடுங்கியது. பதினொன்றுக்கு மின்சாரம் போயிற்று. அண்ணன் மெஷின் ஒரு நொடி விக்கி, இன்வர்ட்டரில் ஓடத் தொடங்கியது. பெட்டி இருட்டாயிற்று. நாற்பதும் ஒரே குரலில் கத்தின.

நான் பெட்டிக்கும் பின்னறைக்கும் இடையில் நடந்தேன். ஏழெட்டு நடை நடந்திருப்பேன். விரலை வைத்துப் பார்த்தேன்: முப்பது, இருபத்தெட்டு, இருபத்தேழு. புள்ளிக்காரன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

வெந்நீர்ப் பை வைத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அடுப்பில் எரிவாயு இருந்தது, பையும் இருந்தது, அண்ணன் காலடியிலேயே. ஆனால் வெந்நீர்ப் பை ஒரு பக்கம் சுடும், மறுபக்கம் ஆறும், குஞ்சுகள் அதன்மேல் ஏறிக் குவியும். ஒன்றிரண்டு போகலாம். ஒன்றிரண்டு போனால் முப்பத்தெட்டு. முப்பத்தெட்டுக்கு அண்ணன் என்ன போடுவார் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே மெஷினின் பிளக்கைக் கழற்றினேன். பெட்டியின் பிளக்கைச் சொருகினேன். அண்ணனை நான் அப்படியே விட்டுவிடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூக்குக் குழாயைச் சிலிண்டரில் மாட்டித் திருகைத் திறந்துவிட்டேன்.

"என்னடா மாத்தற?" என்றார்.

"ஒண்ணுமில்ல அண்ணே. கொஞ்ச நேரம்."

சிலிண்டரின் முள் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். முப்பத்து நான்கு வருடம் முள் பார்த்துச் சாப்பிட்டவன், பார்க்கவில்லை என்று சொன்னால் என் தொழிலுக்கே அவமானம். பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

பல்பு எரிந்ததும் குஞ்சுகள் அதன் அடியில் கூடி, பிறகு பரவின. அப்போதுதான் மணி ஆரம்பித்தது. முதலில் ஒவ்வொரு தட்டாக, பிறகு நிறுத்தாமல். குஞ்சுகள் மிரண்டு ஒரு பக்கமாக ஓடின. இப்படித்தான் ஏறிக் குவியும், மூச்சு முட்டும் என்று முன்பே சொன்னேன். எழுந்துபோய்ப் பின்னறைக் கதவைச் சாத்தினேன். சத்தம் பாதியானது. இடுக்கில் ஒரு துண்டை அடைத்தேன். இன்னும் குறைந்தது.

எனக்கு அப்போதும் உட்கார முடியவில்லை. சமையலறை வரை போனேன், வந்தேன். மணி விட்டுவிட்டுக் கேட்டது. பெட்டியைப் பார்த்தேன், முப்பத்தொன்று. திரும்பவும் சமையலறை. தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்துக் குடிக்காமலே கீழே வைத்தேன். மணி ஒருமுறை அடித்தது. ஏதோ உருண்டு தரையில் விழுந்தது. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது முற்றிலும் அடங்கிவிட்டது.

கத்தினால் குறை, அடங்கினால் சரி. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தேன்.

மூன்றே காலுக்கு மின்சாரம் வந்தது. பிளக்குகளை ஒழுங்காக இடம் மாற்றினேன். பின்னறையில் மெஷின் ஓடத் தொடங்கியது, சத்தம் கேட்டது. குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கூடைக்கு மாற்றி எண்ணினேன். பிறகு கூடையிலிருந்து பெட்டிக்கு மாற்றி எண்ணினேன். நாற்பது. நாலு மணி வரை பொறுக்க முடியவில்லை. புள்ளிக்காரனைக் கையில் எடுத்துக்கொண்டு, துண்டை உருவி, கதவைத் திறந்தேன்.

மணி தரையில் கிடந்தது. போர்வை நழுவியிருந்தது. அண்ணன் தலையணைகளில் சாய்ந்தபடி, பாதிக் கண் திறந்து கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகக் காத்திருந்தார் என்று புரிந்தது.

"அண்ணே, நாப்பதும் இருக்கு," என்றேன்.

பதில் இல்லை. அவர் எப்போதும் இப்படித்தான், நல்ல விடையைக் கண்டால் பேசமாட்டார். சாட்சிக்குப் புள்ளிக்காரனை அவர் நெஞ்சில் விட்டேன். அது தத்தித் தத்திப் போய்ப் போர்வை மடிப்புக்குள், அவர் அக்குளில் நுழைந்து, கத்தாமல் படுத்துக்கொண்டது. அங்கே விரலை வைத்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு. இரண்டாம் வாரத்துக் குஞ்சுக்கு அளந்து வைத்த சூடு. உலகத்தில் வேறு எந்த அண்ணன் தம்பிக்கு இவ்வளவு சரியாகச் சூடு பிடித்துக் கொடுப்பார், சொல்லுங்கள்.

குஞ்சு அவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை மெல்ல உருவி, அவர் தலைக்குப் பின்னால் சொருகினேன்.

"இப்பவாவது சொல்லுங்க அண்ணே. நாப்பதுக்கு எவ்வளவு?"

நீங்கள் நம்பமாட்டீர்கள், அவர் மகளும் நம்பவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்தவன் நான். ஏழாம் வகுப்பிலிருந்து எனக்கு ஒரு மார்க் பாக்கி வைத்திருந்த மனிதர், என் கண்ணெதிரே, மெதுவாக, தாடை நெஞ்சில் படும் அளவுக்கு, ஆமாம் என்று தலையாட்டினார்.