இரண்டு சம்பந்திகளும் இருபத்தோரு கியரும்

டாக்டர்: ...நிறுத்துங்க! சம்பந்தி! நிறுத்துங்கன்னா...

மெக்கானிக்: நான் நின்னு ரெண்டு நிமிஷம் ஆச்சு. நீங்கதான் இன்னும் வந்து சேரல.

டாக்டர்: அப்படியா? தூரத்துல இருந்து பாத்தா ஓட்டுற மாதிரியே இருந்துச்சு.

மெக்கானிக்: ஓட்டும்போதும் நிக்கிற மாதிரிதான் இருக்குமாம். எனக்கே வித்தியாசம் தெரியல.

டாக்டர்: இப்ப ஒரு அம்மா நம்மளத் தாண்டிப் போனாங்களே...

மெக்கானிக்: குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டு.

டாக்டர்: நடந்து போனாங்க சம்பந்தி. நடந்து!

மெக்கானிக்: அந்தக் குழந்தை எனக்கு டாட்டா காட்டுச்சு. நானும் மரியாதைக்குக் கையைத் தூக்கினேன். என் சைக்கிள் நேரா புல்லுக்குள்ள போயிடுச்சு.

டாக்டர்: அதான் முட்டியெல்லாம் பச்சையா? நான் ஏதோ மருந்துன்னு நெனச்சேன்.

மெக்கானிக்: வாங்க, இந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காருவோம்.

டாக்டர்: அந்த வார்த்தையே வேண்டாம். முப்பது வருஷமா அடுத்தவங்கள நாற்காலியில உக்கார வெச்சு வலிக்க வெச்ச பல் டாக்டர் நான். இப்பத்தான் தெரியுது, உக்காந்த இடத்துல வலின்னா என்னன்னு.

மெக்கானிக்: பஞ்சு வெச்ச டவுசர் போட்டிருக்கீங்கல்ல?

டாக்டர்: போட்டிருக்கேன். பஞ்சு முன்னாடி இருக்கு.

மெக்கானிக்: ...திருப்பிப் போட்டுட்டீங்களா?

டாக்டர்: சிரிக்காதீங்க. டவுசர் கிழிஞ்சுடும் போல இருக்குன்னு நானே சிரிக்காம இருக்கேன்.

மெக்கானிக்: நான் மட்டும் என்ன ஒழுங்கு? நாப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஊரையே பதினாலு மாடி ஏத்தி இறக்கினவன். பாலத்துக்கிட்ட நாலடி மேட்டுல வண்டியை விட்டு இறங்கித் தள்ளினேன்.

டாக்டர்: இருபத்தோரு கியர் இருக்குன்னு வாடகைக் கடைப் பொண்ணு அவ்வளவு நேரம் விளக்கினாளே?

மெக்கானிக்: நான் எல்லாத்தையும் கேட்டேன். தலையாட்டினேன். மூணு நாளா ஒரே கியர்லதான் ஓட்டறேன். அது எத்தனாவதுன்னுகூடத் தெரியல.

டாக்டர்: ஆமா... இது முன்னாடி ரயில் ஓடின தடம்தானே? மேடே கிடையாது, தார் ரோடு, ஆத்தோட போக்குலயே போகலாம், மிதிக்கவே வேண்டாம்னு சொன்னீங்க. எனக்கென்னவோ ஆறு நம்மளப் பாத்து வர்ற மாதிரி இருக்கு.

மெக்கானிக்: மேப்பைத் தலைகீழாப் பிடிச்சிட்டேன்.

டாக்டர்: எப்ப?

மெக்கானிக்: முதல் நாளே தெரிஞ்சு போச்சு. சொல்ல வெட்கமா இருந்துச்சு.

டாக்டர்: மூணு நாளா எதிர்த்திசையிலயா மிதிச்சோம்? இருங்க இருங்க... ஆனா தங்குற ரூம் எல்லாம் வழியில வரிசையா இருந்துச்சே? அப்ப புக் பண்ண நம்ம பசங்களும் மேப்பைத் தலைகீழாத்தான் பிடிச்சாங்களா?

மெக்கானிக்: ...இருக்கும். இந்தக் காலத்துப் பசங்க. மேல பாருங்க, ஒரு பருந்து சுத்துது.

டாக்டர்: காலையில இருந்து நம்ம மேலேயேதான் சுத்துது. நம்பிக்கையோட இருக்கு போல.

மெக்கானிக்: எழுந்திருங்க. அதோ தெரியுது பாருங்க, பழைய ஸ்டேஷன். இப்ப டீக்கடை. இன்னைக்குத் தங்குறதும் அங்கேயேதான்.

டாக்டர்: நீங்க முன்னாடி போங்க. நான் விழுந்தா பாக்கறதுக்கு சாட்சி வேண்டாம்.

*

கடைக்கார அம்மா: வாங்க, வாங்க! சைக்கிளை அந்த டிக்கெட் கவுன்ட்டர் ஓரமா சாத்துங்க. எங்கிருந்து வர்றீங்க?

டாக்டர்: மதகுக்கிட்ட இருக்கிற லாட்ஜ்ல இருந்தும்மா. காலையில ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

கடைக்கார அம்மா: ஏழு மணிக்கா? அது பதினோரு கிலோமீட்டர்தானே? இப்ப மணி ரெண்டு ஆச்சே!

மெக்கானிக்: வழியில நிறைய இயற்கை இருந்துச்சும்மா.

கடைக்கார அம்மா: நீங்க என்ன, அண்ணன் தம்பியா?

டாக்டர்: சம்பந்திங்க. இவர் பையனுக்குத்தான் என் பொண்ணைக் கொடுத்திருக்கேன்.

கடைக்கார அம்மா: அட! சம்பந்திங்க ஒரே மேஜையில உக்காந்து டீ குடிச்சே நான் அதிகம் பாத்ததில்ல. சேர்ந்து சைக்கிள் வேற ஓட்டறீங்களா? சின்னவங்க வரலையா?

மெக்கானிக்: லீவு கிடைக்கல.

டாக்டர்: உடம்பு சரியில்ல.

கடைக்கார அம்மா: ரெண்டுல எது?

மெக்கானிக்: உடம்பு சரியில்லன்னு லீவு கேட்டாங்க. கிடைக்கல.

டாக்டர்: ஆமா. அப்படித்தான்.

கடைக்கார அம்மா: பாவம். அண்ணே, உங்க குரலைக் கேட்டதும் கண்டுபிடிச்சிட்டேன். போன வாரம் போன்ல பேசினது நீங்கதானே? "கூட வர்றவருக்கு முட்டி வலி, படி ஏற விடாதீங்க, ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க"ன்னு மூணு தடவை சொன்னீங்களே...

மெக்கானிக்: அம்மா, ரெண்டு டீ...

கடைக்கார அம்மா: அடடா, சொல்லிட்டேனா? வாய்தான் எனக்கு எதிரி. பழைய ஸ்டேஷன் மாஸ்டர் ரூமை உங்களுக்குன்னு ஒழிச்சு வெச்சிருக்கேன், கீழேயே. இருங்க, டீ எடுத்துட்டு வர்றேன்.

டாக்டர்: ...போன வாரமா?

மெக்கானிக்: சும்மா, ரூம் இருக்கான்னு உறுதி பண்ணிக்க...

டாக்டர்: பசங்க அவங்க கல்யாண நாளுக்காக ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணது, அவங்களால வர முடியல, வீணாப் போகக்கூடாதுன்னு நம்மளப் போகச் சொல்றாங்கன்னு சொன்னீங்க.

மெக்கானிக்: சொன்னேன்.

டாக்டர்: பசங்க புக் பண்ணல.

மெக்கானிக்: இல்ல.

டாக்டர்: ஏன் சம்பந்தி?

மெக்கானிக்: டீ ஆறுது.

டாக்டர்: டீ இன்னும் வரவே இல்ல.

மெக்கானிக்: ...பையன் போன மாசம் வீட்டுக்கு வந்தான். சோபா ஓரத்துல விருந்தாளி மாதிரி உக்காந்தான். "நாங்க பிரிஞ்சிடறதுன்னு முடிவு பண்ணிட்டோம்பா. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அவங்க வீட்ல அவளே சொல்லிப்பா, நீங்க முந்திக்காதீங்க"ன்னான். சண்டைன்னாலாவது நடுவுல பூந்து ஏதாவது பேசலாம். லிஃப்ட்கூட சத்தம் போட்டுச்சுன்னா எந்த இடம்னு கண்டுபிடிச்சிடுவேன். சத்தமே இல்லாம நின்னுட்டா எங்கேன்னு கை வைக்கிறது?

டாக்டர்: ம்...

மெக்கானிக்: கேவலம் என்னன்னா, அன்னைக்கு நான் முதல்ல நெனச்சது பையனைப் பத்தியும் இல்ல, மருமகளைப் பத்தியும் இல்ல. ஞாயித்துக்கிழமை செஸ் ஆட எங்க போறதுன்னு நெனச்சேன். பெத்த அப்பன் நெனைக்கிற நெனப்பா இது? என் வீட்டுக்காரி போனதுக்கப்புறம் ஏழு வருஷமா எனக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான் நாள். கோர்ட்டுல அவங்க கையெழுத்துப் போட்டுட்டா... நான் உங்களுக்கு யாரு? என்ன முறை சொல்லி உங்க வீட்டு பெல்லை அடிப்பேன்? அதான், விஷயம் நமக்குள்ள பேச்சா வர்றதுக்குள்ள நாலு நாள்...

டாக்டர்: அதுக்கு பஸ்ல கூட்டிட்டுப் போயிருக்கலாமே, மனுஷா!

மெக்கானிக்: பஸ்னா சீக்கிரம் போய்ச் சேர்ந்துடும். கோபமா?

டாக்டர்: கோபப்பட எனக்கு யோக்கியதை இல்ல. நானும் ஒண்ணு சொல்லணும். எழுந்து போயிடக் கூடாது.

மெக்கானிக்: எங்க போறது? காலை மடக்கவே முடியல.

டாக்டர்: என் பொண்ணு ஒரு மாசமா எங்க வீட்லதான் இருக்கா.

மெக்கானிக்: ம்.

டாக்டர்: வந்த அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல. நீங்க பெல் அடிச்சதும் அவ பின் ரூமுக்கு ஓடிடுவா. நான் அவ செருப்பைத் தூக்கி என் பீரோவுல, இஸ்திரி போட்ட சட்டை மேலேயே வெச்சிடுவேன். அறுபத்து மூணு வயசுல கண்ணாமூச்சி! முப்பது வருஷமா "வாயைத் திறங்க"ன்னு சொன்னவன், சொல்ல வேண்டிய இடத்துல வாயைத் திறக்கல. பையனுக்கு லீவு இல்லன்னு நீங்க சொன்னப்ப, அவன் உங்ககிட்ட மறைக்கிறான்னு நெனச்சேன். பாவம் மனுஷன், விஷயம் தெரியாம சந்தோஷமா இருக்கார், நாலு நாள் இருக்கட்டுமேன்னுதான் வண்டியில ஏறினேன். பால் பாக்கெட் வாங்கக்கூட நடக்காத ஆள் நான்!

மெக்கானிக்: அப்ப மூணு நாளா ரெண்டு பேரும்...

டாக்டர்: ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிட்டே மூச்சு வாங்கியிருக்கோம். ஒரு தடவை மாட்டியிருப்பேன். நீங்க ராணியை நகர்த்தப் போறீங்க, உள்ளேர்ந்து ஒரு தும்மல்...

மெக்கானிக்: பக்கத்து வீட்டுப் பூனைன்னு சொன்னீங்க.

டாக்டர்: "வலிக்கவே வலிக்காது"ன்னு தினமும் பொய் சொல்லிப் பழகின வாய், சட்டுனு வந்துடுச்சு. நீங்களும் நம்பிட்டீங்க. அதோட விட்டீங்களா? அடுத்த வாரம் அந்தப் பூனைக்குன்னு ஒரு பிஸ்கட் பாக்கெட் வேற வாங்கிட்டு வந்தீங்க. அன்னைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கல.

மெக்கானிக்: அது இஞ்சி பிஸ்கட் சம்பந்தி.

டாக்டர்: இருந்தா என்ன?

மெக்கானிக்: எந்தப் பூனை இஞ்சி பிஸ்கட் தின்னும்? கல்யாணமான புதுசுல ஆறு மாசம் என் வீட்ல இருந்தவ, அவ தும்மல் எனக்குத் தெரியாதா? மனசு சரியில்லன்னா அவளுக்கு அது ஒண்ணுதான் இறங்கும்... சாப்பிட்டாளா?