நோ டியூ கையெழுத்து

உக்காருங்கண்ணே, நின்னுக்கிட்டே இருந்தா நான் என்ன செய்ய? ஒத்தைக் கையெழுத்துதான், இல்லங்கல. ஆனா லைப்ரரில புத்தகப் பாக்கி இல்லன்னு நோ டியூ போடாம ஆபீஸ்ல டி.சி. குடுக்க மாட்டாக. உங்க மக ஸ்ரீமதி பேருல ஒரு புத்தகம் நிக்குது. ஆமா, தடிப் புத்தகம். மனுச உடம்பு பத்தினது, எலும்பு நரம்பெல்லாம் கலர் படம் போட்டு.

ஏலே, எவன்லே கதவ ஒதைக்கிறவன்? வரிசையா நில்லுங்க, கூப்பிடுறேன்.

ஆறாம் கிளாஸ் புள்ளைகண்ணே. இன்னைக்குத்தான பள்ளிக்கூடம் தொறந்திருக்கு. புதுசா வர்ற புள்ளைகள மொத நாளே இங்கன கூட்டியாந்து ஆளுக்கொரு புத்தகம் கையில குடுத்துருவோம். குடுக்கிறது நான் இல்ல, பதினொண்ணாம் கிளாஸ்ல ஒரு புள்ள குடுக்கும். டீச்சர் நீட்டுனா பயந்து வாங்குதுக, ஒரு அக்கா நீட்டுனா பல்லக் காட்டிக்கிட்டு வாங்குதுக. அந்தப் புள்ள இன்னும் வரல. அதான் எனக்கு உக்கார முடியல. இந்தச் சாவிக்கொத்த வேற எங்க வச்சேன்னு தெரியல.

ஸ்ரீமதிய வேலைக்கு ஏத்திட்டுப் போக மில்லு ஏஜென்ட் பதினோரு மணிக்கு வேனோட வந்துருவாரா? வரட்டும், நிக்கட்டும். ஹாஸ்டல்ல சாப்பாடு நல்லாருக்கும்னு அவர் சொன்னாரா? சாப்பிட்டுப் பாத்தா சொன்னாரு? சரி சரி, நான் வாயத் தொறக்கல. கம்பெனி பூட்டிக் கிடக்கு, ஆர்டர் இல்ல, மூணு மாசமா வீட்டுல இருக்கீக. தெரியும்ணே. உங்கள நான் குத்தம் சொல்லல.

இந்தப் புத்தகங்களுக்குப் போட்டிருக்க அட்டைகளப் பாத்தீகளா? பிரஸ்ல கழிச்சுப் போட்ட காலண்டர் ஷீட்டு. கலர் நகண்டு போயி முருகனுக்கு ரெண்டு மூக்கு, லட்சுமிக்கு நாலு கண்ணு. நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கு இந்த யோசனையே வராது. உங்க மகதான் எட்டாம் கிளாஸ்ல சொன்னா. டீச்சர், சாமி படத்த அட்டையாப் போட்டுருவோம், ஒரு பய புத்தகத்தத் தரையில வைக்க மாட்டான், அது மேல உக்கார மாட்டான்னு. அவளே பிரஸ்ஸு பிரஸ்ஸா ஏறி எறங்கி ஒரு கட்டு ஷீட்டு வாங்கிட்டு வந்தா. அன்னைல இருந்து புத்தகம் கிழியுறதே கொறஞ்சு போச்சு. வாய் ஜாஸ்திதான் அவளுக்கு. அறிவும் அம்புட்டு இருக்கு.

அட, ரூவாய எதுக்கு எடுக்கீக? உள்ள வையுங்க. வெல குடுத்தாலும் அந்தப் புத்தகம் இப்ப கடையில கெடைக்காது.

எச்.எம். கிட்ட போறீகளா? போங்க. இந்த ஷைலா டீச்சர் ராங்கிக்காரின்னு அவருக்கும் தெரியும்.

யாருக்குப் போன் போடுறீக? வீட்டுக்கா? எதுக்குண்ணே இப்ப... ஏண்ணே, மெதுவாப் பேசுங்க, புள்ளைக கேக்குதுக. என்னங்கிறா? குடுத்துட்டேங்கிறாளா? அழுறாளா? பொய்க்காரியா? ஏண்ணே, ஏன் அந்தச் சொல்லெல்லாம் சொல்றீக? எங்க எந்திரிக்கிறீக? வீட்டுக்குப் போயி நாலு சாத்து சாத்தினா உண்மை வந்துருமா?

நில்லுங்கண்ணே. அவ மேல கைய வைக்காதீக. போன வச்சுட்டு உக்காருங்க. நான் சொல்றேன்.

அவ பொய் சொல்லல. நான்தான் சொன்னேன். புத்தகம் இந்த டிராயர்லதான் இருக்கு, சாவிக்கொத்தும் என் இடுப்புலதான் இருக்கு. இந்தா. கடைசிப் பரீட்சை அன்னைக்கே புது அட்டை போட்டுக் குடுத்துட்டா. நீங்க டி.சி. தாளோட வாசல்ல வந்து நின்னதும் எனக்கு என்ன செய்யன்னே தெரியல, டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன். பழி அவ மேல வந்து விழும்னு யோசிக்கல பாருங்க. வெக்கமாருக்குண்ணே. அவகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கேன்.

ஆனா கையெழுத்து மட்டும் வர மாட்டேங்குது. அன்னைக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? காது வரைக்கும் படிச்சிட்டேன் டீச்சர், கண்ணு பாக்கி இருக்கு, ஜூன்ல மொத ஆளா நாந்தான் எடுப்பேன்னா. சொன்னதோட விட்டாளா? புத்தகம் எடுக்கிறவுக பேரு எழுதுற புது வருச நோட்ட எடுத்து மொத வரியில அவளே எழுதிட்டுப் போயிட்டா. பாருங்க, உங்க மக எழுத்துதான? த. ஸ்ரீமதி, பதினொண்ணாம் வகுப்பு. தேதி மட்டும் போடாம விட்டிருந்தா, அத இன்னைக்குக் காலையில நான் போட்டு வச்சேன், இவதான் வந்து புள்ளைகளுக்குக் குடுக்கப் போறான்னு.

அந்த வரிய அழிச்சாத்தான் நோ டியூ. என்னால முடியல. நீங்க பெத்தவரு, உங்களுக்குத்தான் உரிமை இருக்கு. இந்தாங்க பேனா, நீங்களே ஒரு கோட்டப் போடுங்க, அடுத்த நிமிசம் நான் கையெழுத்துப் போட்டுர்றேன்.

பிடிங்கண்ணே. எம்புட்டு நேரம் நான் இப்படியே நீட்டிக்கிட்டு நிக்க?

சரி. அப்ப அந்தப் போன இங்கன குடுங்க. யூனிபார்மப் போட்டுக்கிட்டு ஓடியாரச் சொல்றேன். புள்ளைக வெயில்ல நிக்குதுக.