மேடைக்கு ஒரு சேலை

— மேல் தட்டுல இருக்கே அந்தச் சிவப்புப் பட்டு, அதை எறக்குங்க இப்திகார் முதலாளி.

— எறக்காதீங்க! சீதாலட்சுமி அம்மா, நாளைக்கு உங்க வீட்டுக்காரரு சிலையத் தொறக்குறோம். கல்யாணத்துக்கா போறீங்க?

— என் கல்யாணத்துக்கே நூல் சேலைதான் முத்துவீரா. இப்ப பட்டு கட்டுனா உங்க சங்கம் கவுந்திருமா?

— தோட்டத் தொழிலாளர் சங்கச் செயலாளரா சொல்றேன். தோழர் சந்தனம் பொஞ்சாதின்னா மேடையில வெள்ளையோட ஒக்காரணும். பாத்ததும் சனத்துக்குக் கண்ணு கலங்கணும். மந்திரி வேற பலாங்கொடைக்கு வாராரு.

— எங்கட கடையில வெள்ளையும் இருக்கு, சிவப்பும் இருக்கு. ரெண்டையும் எடுங்க, சண்டைய உங்க லயத்து வீட்டுல போய்ப் பிடிங்க.

— முதலாளி, உங்களுக்கு யாவாரத்துலயே கண்ணு.

— துணிக்கடையில வேற எதுல கண்ணு வைக்க, செயலாளரே?

— அம்மா, கமிட்டி முடிவு இதுதான். சிவப்புல வந்தா மேடையில உங்களுக்கு ஒக்காரக் கதிரை கெடையாது.

— அவரு சிலைக்குப் பக்கத்துல எனக்கு எடமில்லைங்கிற. சரி, சிலைக்குக் கீழ என்ன எழுதியிருக்கீங்க?

— "மூன்று வருடங்கள் பொலிசாரின் கண்ணில் மண்ணைத் தூவிய எங்கள் தலைவர்." நானே எழுதுனது.

— எங்கயிருந்து தூவுனாராம்?

— காட்டுலயிருந்துதான். எல்லாப் பேச்சாளரும் அப்படித்தான் சொல்றாங்க.

— காடா! அட்டையப் பாத்தாலே அலறுற மனுசன். வெளிய வந்ததும் சங்கத்துல காடுன்னாங்க, கேக்க நல்லாருந்துச்சு, அவரும் பேசாம இருந்துட்டாரு. நீங்க சொல்லுங்க முதலாளி.

— இந்தச் சுவருக்கு அங்கிட்டு, துணிமூட்டைக்கு நடுவுல. எங்கட வாப்பாதான் சோறு குடுத்தார். பகல்ல இருமவும் கூடாது.

— இந்தக் கடையிலயா? பொலிஸ் தேடலையா?

— மவுத்தானவன, செத்துப் போனவன யாரு தேடுவா? சீதாலட்சுமி அக்காகிட்டயே கேளுங்க.

— அப்ப நாங்க தெரணியகலைப் பக்கம். ஆத்துல வெள்ளம். ஸ்ட்ரைக் முடியல, அவரப் பிடிச்சா அடிச்சே கொன்னுருவாங்க. அவரு சட்டைய ஆத்தங்கரையில போட்டுட்டு, செத்துட்டாருன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். வளையல ஒடச்சேன், தாலியக் கழட்டுனேன், கருமாதியும் செஞ்சேன். அதுக்குப் பொலிஸ்காரங்களும் வந்து கோப்பி குடிச்சிட்டுப் போனாங்க.

— அம்மா...

— வெள்ளைச் சேலை வாங்குற சாக்குல இந்தக் கடைக்கு வந்தேன். முதலாளியோட வாப்பா அளக்குறாரு, சுவருக்கு அங்கிட்டு அவரு அழுவுற சத்தம். வெளிய கேட்டுறக் கூடாதுன்னு வாப்பா மலிவு வெல கூவுற மாதிரி "லாப விலை, லாப விலை"ன்னு கத்துறாரு.

— நான் சின்னப் பொடியன். வாப்பாக்குப் பைத்தியம்னு நெனச்சேன்.

— மூணு வருசம் பொட்டு இல்ல, பூவு இல்ல. ஒரு கல்யாண வீட்டுல உள்ள விட்டதில்ல. அவரு நெசமா செத்ததுக்குக் கட்ட வேண்டிய வெள்ளைய அவரு உசிரோட இருக்கயிலேயே கட்டித் தீத்துட்டேன் முத்துவீரா.

— முதலாளி... அந்தச் சிவப்ப எறக்குங்க.

— கதிரை, செயலாளரே?

— நடுவுல போடச் சொல்றேன். மந்திரி தள்ளி ஒக்காரட்டும்.

— அப்படின்னா வெள்ளையிலயும் ஒரு துண்டு வெட்டுங்க முதலாளி, ஆள் ஒசரத்துக்கு.

— வெள்ளை எதுக்கும்மா இனி?

— சிலைய மூட வேண்டாமா? இந்தத் தடவை அவரு கட்டட்டும். நாளைக்கு அத்தனை சனத்துக்கு முன்னால நானே உருவி எறியிறேன்.