பாப்பாவுக்குத் தெரியும்

நல்ல நாற்காலி சார் இது. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இப்படி நாலு போட்டிருந்தால் என் முதுகு பிழைத்திருக்கும். முதுகலைப் படிப்பு முழுக்க மர ஸ்டூலில் உட்கார்ந்தே ஓட்டினேன். தகவல் அறிவியல். வெளியே சொன்னால் கம்ப்யூட்டர் படிப்பா என்பார்கள், இல்லாவிட்டால் லைப்ரரியில் சீல் குத்தும் வேலையா என்பார்கள். இரண்டும் இல்லை. ஒன்றை எப்படிப் பதிந்து வைத்தால் பின்னால் தேடுகிறவர் கைக்குக் கிடைக்கும் என்பதுதான் படிப்பு. எப்படிப் பதிந்தால் கிடைக்காது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

அண்ணனைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அப்பா அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியது அவர்தான். தனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கமாட்டார், என் ஃபீஸ் மட்டும் முதல் ஆளாகக் கட்டிவிடுவார். நான் முதுகலையில் சேர்ந்த வருடம் லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். கைகால் தப்பித்தது, தலையில்தான் அடி. அதற்குப் பிறகு சோறு என்பார், ஸ்பேனர் என்பார், மழை வருகிறது என்பார். பெயர்கள் மட்டும் சுத்தமாக அழிந்துபோயின. தன் பெயர், அண்ணி பெயர், ஊர்ப் பெயர் எதுவும் வராது. மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று, அவர் என்னைக் கூப்பிடும் பாப்பா. யார் எதைக் கேட்டாலும், “பாப்பாவுக்குத் தெரியும், பாப்பாகிட்ட கேளுங்க” என்பார்.

வைத்தியச் செலவுக்காக அண்ணி வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இருக்கிற தைரியத்துலதான் போறேன். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்” என்றார். அண்ணன் கண்ணை மூடினால்தானே நான் மூட முடியும். அவர் உட்கார மாட்டார், படுக்க மாட்டார். கையில் ஸ்க்ரூடிரைவரோடு வீட்டையே கழற்றிக்கொண்டிருப்பார். மின்விசிறி, குழாய், கதவுக் கீல் எதுவும் தப்பவில்லை. வெளியே பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனால் உள்ளிருந்தே பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, என்னைத் தேடித் தெருத் தெருவாக நடப்பார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். தினமும் அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, சோறு போட்டு, அதற்குப் பிறகு நான் புத்தகத்தைத் திறக்க வேண்டும். நான் எப்படித் தேறினேன் என்பதை நினைத்தால் எனக்கே ஆச்சரியம்தான்.

ஆய்வேட்டுக்கு என் நெறியாளர் மேடம் கொடுத்தது நல்ல தலைப்பு. காணாமல் போனவர்களின் பதிவு ஒரு பக்கம் இருக்கிறது, காப்பகங்களில் கேட்பாரற்றுக் கிடப்பவர்களின் பதிவு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டிலும் இருப்பார், ஆனாலும் இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை. ஏன் என்பதுதான் கேள்வி. பெயரில் ஓர் எழுத்து மாறினால் கணினி சமாளித்துவிடும். வயது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பிடித்துவிடும். பெயர், வயது, ஊர் மூன்றும் சேர்ந்து தப்பாகிவிட்டால் அந்த ஆள் அவ்வளவுதான். உயிரோடு இருப்பார், மூன்று வேளை சாப்பிடுவார், பதிவிலும் இருப்பார். யார் தேடினாலும் கிடைக்க மாட்டார். இதை நான் அழகாக நிரூபித்திருந்தேன். மேடமே பாராட்டினார்.

அதைச் சமர்ப்பிக்க வேண்டிய மாதத்தில் ஒருநாள் பால் வாங்கப் போய்த் திரும்பினேன். மேஜை மேல் ஒரு தட்டில் திருகாணிகள், அளவு வாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. அதில் குறையே சொல்ல முடியாது. லேப்டாப்பைத்தான் காணோம். குளியலறை வாளிக்குள் இருந்தது.

“ஒரே தூசி பாப்பா. சோப்பு போட்டு ஊற வெச்சிருக்கேன். காஞ்சதும் மாட்டித் தரேன்.”

நான் திட்டவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக் கொடுத்தார். “யார் பாப்பா உன்ன அழ வெச்சது, சொல்லு, நான் கேக்கறேன்” என்றார். அதைத்தான் சார் என்னால் தாங்க முடியவில்லை.

மின்னஞ்சலில் ஒரு பழைய படி இருந்தது. திருப்பி எழுத எனக்கு வேண்டியதெல்லாம் கொஞ்ச நாள் அமைதி. அண்ணியை வரச் சொன்னேன். ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்கள் என்று அவர் போனில் அழுதார். உள்ளூர்க் காப்பகங்களில் போய்க் கெஞ்சினேன். சொந்தபந்தம் இருப்பவர்களை எடுக்க முடியாது, கேட்பாரற்றவர்களுக்கு மட்டும்தான் இடம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே அண்ணனைக் கேட்பாரற்றவர் ஆக்க வேண்டியிருந்தது.

சலூனுக்குக் கூட்டிப்போய் மீசையை எடுக்கச் சொன்னேன். மீசை முளைத்த நாளிலிருந்து அவர் அதை எடுத்ததே இல்லை. கம்பெனி பெயர் போட்ட சட்டையை வீட்டில் விட்டுவிட்டு வெறும் சட்டை போட்டுவிட்டேன். கைரேகை பற்றிக் கவலைப்படவில்லை. கிரீஸும் கம்பிக் கயிறும் தின்று தீர்த்த விரல்கள், எந்த இயந்திரமும் அவற்றை ஏற்றதில்லை. பஸ் ஏறிப் பகல் முழுக்கப் போனோம். ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

காப்பக மேலாளர் தங்கமான மனிதர். இவர் பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்றுகொண்டிருந்தார், பாவமாக இருந்தது, கூட்டிவந்தேன் என்றேன். அவர் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார், “உங்க பேர் என்னங்க?”

“பாப்பாவுக்குத் தெரியும். பாப்பாகிட்ட கேளுங்க.” அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்களையா பாப்பாங்கறார்?”

“எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடறார் சார். பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரரைக்கூட அப்படித்தான் கூப்பிட்டார்” என்றேன். வழியில் ஏதோ ஒரு பெயர் சொன்னார் என்று ஒரு பெயரைச் சொன்னேன். ஊருக்கு ஓர் ஊர். வயதைப் பத்து கூட்டினேன். மேலாளர் அப்படியே பதிந்துகொண்டார். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அண்ணன் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு வந்து அவரைக் காணவில்லை என்று புகார் கொடுத்தேன். இதே ஸ்டேஷன்தான், உங்களுக்கு முன்னால் இருந்தவர் வாங்கிக்கொண்டார். மீசையோடு இருந்த படத்தைக் கொடுத்தேன். அண்ணி ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் கேட்டது நினைவிருக்கிறது. “நீ இதத்தானேடி படிக்கிறே, எப்படியாவது கண்டுபிடி.” தினமும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே தட்டித் தேடினேன். உண்மையான பெயர், உண்மையான வயது, உண்மையான ஊர். ஒருநாளும் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அண்ணி, “இன்னொரு தடவை பாரேன்” என்பார். நானும் பார்ப்பேன். அவர் மனம் நோகக்கூடாது இல்லையா.

ஆய்வேட்டை அண்ணனுக்கே சமர்ப்பணம் செய்தேன். சொந்தத் துயரத்தை ஆய்வாக மாற்றியிருக்கிறாய் என்று தேர்வாளர் கண் கலங்கினார். முதல் வகுப்பில் தேறினேன். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அழைத்து வருவதாகத்தான் இருந்தேன். பிறகு வேலை வந்தது, அதுவும் நான் ஆய்வு செய்த அதே பதிவுகளைப் பராமரிக்கும் பிரிவில். என் மேஜையிலிருந்தே அவருடைய பதிவைத் திறந்து பார்க்கலாம். ஒரே ஒரு திருத்தம் போதும், அண்ணிக்கு உடனே தகவல் போய்விடும். ஆனால் எந்தத் திருத்தத்தை யார் செய்தார் என்பதும் பதிவாகும். அந்த ஏற்பாட்டைப் பரிந்துரைத்ததே என் ஆய்வேடுதான். சரி, வேலை நிரந்தரமாகட்டும் என்று இருந்தேன்.

போன மாதம் நிரந்தரமானது. முதல் பஸ்ஸில் ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. காப்பகத்தை மூடிவிட்டார்கள். இருந்தவர்களை வேன்களில் ஏற்றி எங்கெங்கோ பிரித்து அனுப்பியதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். என் மேஜையில் திறக்கும் பதிவில் இன்னும் பழைய காப்பகம்தான் இருக்கிறது. போன இடத்தில் பெயர் சொல்லத் தெரியாதவர்களுக்கு அவரவர் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்களாம். ஒவ்வொரு காப்பகமாக ஏறி இறங்கிவிட்டேன் சார். நான் கொடுத்த பெயரைச் சொல்லிக் கேட்டால், நீங்கள் யார் அவருக்கு என்கிறார்கள். தங்கை என்றால், பதிவில் அந்தப் பெயருக்கு உறவு யாரும் இல்லை என்றுதானே இருக்கிறது என்று வெளியே அனுப்புகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, பாப்பாகிட்ட கேளுங்க, பாப்பாகிட்ட கேளுங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கே யாருக்கும் பாப்பா யாரென்று தெரியாது.

அண்ணி வெளியே பெஞ்சில் இருக்கிறார். ஏதோ துப்புக் கிடைத்திருக்கிறது என்று நினைத்து வந்திருக்கிறார். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், அண்ணனைத் தேடிக் கொடுங்கள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு திருத்தம் சார். நான் அண்ணனைத் தொலைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெயரை மாற்றியது நான். வயதையும் ஊரையும் மாற்றியது நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை யாரென்றே தெரியாது என்று சொன்னதும் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொலைக்கவில்லை. வைத்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். இடத்தை மாற்றியது அவர்கள்தான் சார்.