ஜப்பான் வண்டிக்குக் கிளட்ச்

காட்பாடியில் ரயில் கிளம்பியபோது, எதிரே இருந்தவர் போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"நம்ம வண்டிக்குள்ள வேற வண்டி இருக்குதாம்."

"இன்னாங்க சொல்றீங்க?"

"மெக்கானிக் இப்பதான் கியர்பாக்ஸ இறக்கினானாம். உள்ள இருக்கறது ஜப்பான் இஞ்சினே இல்லியாம். நமக்கு முன்னாடி வச்சிருந்தவன் நம்மூரு வேன் இஞ்சின மாட்டிட்டு வித்திருக்கான்."

நாள் முழுக்கச் சென்னையில் அலைந்து வாங்கிய ஜப்பான் கிளட்ச் பிளேட், அட்டைப்பெட்டியில் அவர் மடிமேல் இருந்தது.

"அப்ப இது?"

"சேராதாம். வேன் பிளேட்தான் வேணுமாம். ஆம்பூர்லயே கெடைக்குதாம்."

"நல்லதாப் போச்சு. பாப்பா வெள்ளிக்கிழமை அந்த வண்டிலதான் மண்டபத்துக்குப் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா."

"சம்பந்திகிட்ட ஜப்பான் வண்டின்னு சொல்லி வச்சிருக்கேனே."

"பாப்பா சீட்லதான உக்காரப் போறா? இஞ்சின் மேலயா உக்காரப் போறா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. பெட்டியைத் திறந்து பிளேட்டைப் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குடியாத்தம் தாண்டியதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"அது இல்லம்மா. அப்ப இத்தினி வருசமா நான் ஓட்டினது இன்னா வண்டி?"